எட்டின் நடுவே ஒரு கல்

நாற்பத்தோராம் நாள் காலையில் எட்டின் வடக்கு வட்டம் அமிர்தகடேசன் வீட்டுச் சமையலறைக்குள் வந்துவிட்டது. வெள்ளைப் பெயின்ட் கோடு பின்சுவர் வழியாக நுழைந்து, கிரைண்டரை உரசிக்கொண்டு போய், ஜன்னல் வழியாக வெளியேறியது. சுவர் மரியாதையாக ஒதுங்கி வழி விட்டிருந்தது. அவர் மனைவி தையல்நாயகி முதல் வேலையாகக் கிரைண்டரை இரண்டடி தள்ளி வைத்தாள். நடக்கிற மனுஷர் காலில் இடித்துக்கொள்ளக் கூடாதல்லவா?

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. காலனிப் பூங்காவில் சிமென்ட் தரையில் எட்டு போட்டிருக்கிறார்கள். சர்க்கரை உள்ளவர்கள் அதன் மேல் கால் மணி நேரம் இப்படியும் கால் மணி நேரம் அப்படியும் நடப்பார்கள். நடக்கிறவர் ஒரு நல்ல பழக்கத்தைப் பிடித்தால் அவருடைய எட்டு வளரும். கெட்ட பழக்கம் ஒன்றை விட்டால் இன்னும் வேகமாக வளரும். நாற்பத்தெட்டு நாள் முடித்தவருக்குச் சான்றிதழ் உண்டு. எல்லாம் வாசல் பலகையிலேயே எழுதியிருக்கிறது.

அமிர்தகடேசன் நில அளவையர். இருபத்தாறு வருஷமாக அடுத்தவர் நிலத்தை அளந்து கல் நட்டவர். தன்னை அளந்து பார்க்க அவருக்கு நேரம் வாய்த்ததில்லை. டாக்டர் சர்க்கரை அளவைச் சொன்ன அன்றுதான் ஆளுக்குச் சுருக்கென்றது. ஐம்பத்திரண்டு வயசாகிறது, இதுவரை என்ன கிழித்தோம் என்று தோன்றிவிட்டது. மறுநாளே பூங்காவுக்குப் போய்ப் பெயர் கொடுத்தார்.

விண்ணப்பத்தில் 'வாழ்க்கையின் நோக்கம்' என்று ஒரு கட்டம் இருந்தது. அவர் நெடுநேரம் யோசித்து, 'அளந்தபின் தெரிவிக்கப்படும்' என்று எழுதினார். பூங்காக் காவலர் எஸ்தர்ராணி அதைப் படித்துவிட்டுத் தலையாட்டினாள். அவளிடம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் ஒரு விசிலும் இருந்தன. முதல் நாள் அவருடைய எட்டின் நீளம் எட்டடி. தன் டேப்பை வைத்து அவரே அளந்துகொண்டார்.

சும்மா சொல்லக் கூடாது, மனுஷருடையது உடும்புப்பிடி. நாலே முக்காலுக்கு எழுந்தார். சீரகத் தண்ணீர் குடித்தார். தினம் ஐந்து புதுச் சொல் கற்றார். தினம் பத்துப் பக்கம் படித்தார். தேனீ வளர்ப்பு அடிப்படை வகுப்பில் சேர்ந்து தேர்ச்சியும் பெற்றார். எட்டு பூங்கா வேலியைத் தாண்டியது, பால் பூத்தைத் தாண்டியது, இருபத்தெட்டாம் நாள் தெற்கு வட்டம் அவருடைய அலுவலகத்துக்குள்ளேயே போயிற்று. அவர் நடந்தபடியே போய் வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டார். அதிகாரி ரொம்பவும் பாராட்டினார்.

விட்ட பழக்கங்களை எஸ்தர்ராணியிடம் ஒப்படைக்க வேண்டும். அவள் அவற்றைக் காக்கி உறையில் போட்டு ஒட்டி, பெயர் எழுதி, பெஞ்சில் வரிசையாக வைப்பாள். வேண்டுமென்கிறவர் எழுதிக் கொடுத்து எடுத்துப் போகலாம். பக்கத்து வீட்டு மாசிலாமணி அப்படித்தான் அமிர்தகடேசனின் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தூக்கத்தை எடுத்துப் போனார். அடுத்த வாரம், சாப்பாட்டுக்கு முன்னால் இரண்டு அப்பளம் நொறுக்குவதையும் எடுத்துப் போனார். மாசிலாமணி தனி ஆள், போஸ்ட் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். அப்பளம் கிடைத்ததும் அவர் முகத்துக்கு ஒரு களை வந்துவிட்டது.

நாற்பதாம் நாள் அமிர்தகடேசன் தன் ஒரு நாளை உட்கார்ந்து அளந்தார். சாயங்காலம் ஐந்திலிருந்து ஆறு வரை ஒரு மணி நேரம் எதற்கும் உதவாமல் கிடந்தது. அந்த நேரத்தில் அவர் சமையல் மேடையில் சாய்ந்துகொண்டு நிற்பார். தையல்நாயகி காபி ஆற்றிக்கொண்டே பேசுவாள். எதிர் வீட்டு ஜன்னல் திரையைப் பற்றி, ஒரு பூனையைப் பற்றி, எங்கேயோ பார்த்த ஒரு புடவையைப் பற்றி. அவர் 'அப்புறம்?' என்பார். அவள் மேலே சொல்லுவாள். இருபத்தைந்து வருஷமாக இதுதான் நடந்தது. உருப்படியாக ஒன்றுகூட அதில் தேறவில்லை.

அவர் பூங்காவுக்குப் போய் 'வெட்டிப் பேச்சு, தினம் ஒரு மணி நேரம்' என்று எழுதிக் கொடுத்தார். எஸ்தர்ராணி வாயைத் திறக்கச் சொன்னாள். 'அப்புறம்' என்ற சொல்லை உள்ளே இருந்து எடுத்து உறையில் போட்டாள். வலிக்கவில்லை. வீட்டில் புழங்கிய சாமான் என்பதால் இதை உடனே யாருக்கும் தர முடியாது, நாற்பத்தெட்டாம் நாள் சாயங்காலம் ஐந்தரைக்குத்தான் தரலாம் என்று சொன்னாள். மறுநாள் காலையில்தான் கோடு சமையலறைக்கு வந்தது.

பலகையின் கடைசி வரியை அவர் அன்றைக்குத்தான் கவனித்தார். கோடு வீடு வந்து சேர்ந்தபின் கோட்டை விட்டு இறங்கக் கூடாது. இறங்கினால் எல்லாம் முதல் நாளுக்குத் திரும்பிவிடும், சர்க்கரையும் சேர்த்து. ஏழு நாள்தானே, பல்லைக் கடித்துக்கொண்டு நடந்துவிடலாம் என்று நினைத்தார். நடந்தபடி தூங்கவும் கற்றுக்கொண்டார். அது நல்ல பழக்கத்தில் சேர்ந்ததால் தெற்கு வட்டம் இன்னும் வளர்ந்தது.

வடக்கு வட்டம் மட்டும் சமையலறையோடு நின்றுவிட்டது. எவ்வளவு நல்ல பழக்கம் சேர்ந்தாலும் அதற்கு மேல் நகரவில்லை. வளர்ச்சி முழுவதும் தெற்கே போயிற்று. நாற்பத்திரண்டாம் நாள் ஒரு சுற்றுக்கு இரண்டு மணி நேரம் ஆனது. நாற்பத்து நான்காம் நாள் எட்டு மணி நேரம். அதற்குப் பிறகு நாளுக்கு ஒரு சுற்று. ரயில்வே கேட்டைத் தாண்டி, உப்பளத்தைத் தாண்டி, கடல் தெரிகிற இடம் வரைக்கும் போய்த் திரும்ப வேண்டியிருந்தது.

சமையலறையில் கோட்டின் நீளம் ஏழு அடி எடுத்து வைக்கிற தூரம். அதற்குள் தையல்நாயகி சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும். நாற்பத்திரண்டாம் நாள் அவள், முருங்கை பூ விட்டிருக்கிறது என்றாள். அமிர்தகடேசன் வாயைத் திறந்தார். சொல் இருந்த இடத்தில் காற்றுதான் இருந்தது. முருங்கையில் இரும்புச் சத்து அதிகம் என்று சொல்லிவிட்டு ஜன்னல் வழியாகப் போய்விட்டார்.

மறுநாள் அவள், எதிர் வீட்டுக்காரி திரையை மாற்றிவிட்டாள், பச்சை போட்டிருக்கிறாள் என்றாள். பச்சை கண்ணுக்கு நல்லது என்றார் அவர். வெளியே வந்தபோது அவருக்குத் தன்மேலேயே எரிச்சலாக இருந்தது. என்ன பச்சை, கிளிப் பச்சையா பாசிப் பச்சையா என்று அவருக்குத் தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. உப்பளம் வரைக்கும் அதையே நினைத்துக்கொண்டு போனார். அவளை மேலே பேச வைக்கிற அந்தச் சொல்தான் வாயில் இல்லை, பாவம்.

நாற்பத்தாறாம் நாள் அவர் பின்சுவர் வழியாக நுழைந்தபோது தையல்நாயகி கையில் கரண்டியோடு தயாராக நின்றாள்.

"மாசிலாமணி சார் உங்க அப்புறத்துக்கு எழுதிக் குடுத்திருக்காராம்."

"எதுக்கு?"

"அவருக்குப் பேச்சுத் துணை இல்லையாம். நாளன்னிக்கு அஞ்சரைக்கு அவர் கைக்குப் போயிடும்."

அவர் ஜன்னலுக்கு வந்துவிட்டார். திரும்பிப் பார்த்தபடியே வெளியே போனார். இனிமேல் அவள் முருங்கை பூ விட்டிருக்கிறது என்றால், வேலிக்கு அந்தப் பக்கம் நின்று மாசிலாமணி 'அப்புறம்?' என்பார். மாசிலாமணி நல்லவர்தான். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. அன்றைக்கு ஐந்து புதுச் சொல்லில் ஒன்றுகூட அவர் மனசில் நிற்கவில்லை.

பூங்காவின் நடுவில், எட்டின் இரண்டு வட்டமும் குறுக்கே வெட்டிக்கொள்கிற இடத்தில், ஒரு அளவைக் கல் உண்டு. அதற்கு மூன்றடி தள்ளித்தான் எஸ்தர்ராணியின் பெஞ்சு. நாற்பத்தேழாம் நாள் அங்கே வந்தபோது அமிர்தகடேசன், அந்த உறையைத் திருப்பித் தர முடியுமா என்று கேட்டார். தாராளமாகத் தரலாம், இறங்கி வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றாள் அவள். கையை நீட்டினால் எட்டாதா என்று கேட்டார். நீட்டிப் பார்த்தார். பெஞ்சு சிறிது பின்னால் நகர்ந்து உட்கார்ந்துகொண்டது.

அன்று சமையலறையில் அவர் நடையைத் தளர்த்தினார். இறங்கிவிடப் போவதாகச் சொன்னார். ஒரு கால் கோட்டைவிட்டு அரை அடி தூக்கியும் விட்டார். தையல்நாயகி கரண்டியை நீட்டி அவரைத் தடுத்தாள்.

"இறங்குனா பாருங்க. நாப்பத்தேழு நாள் நடந்து சக்கரையைக் கொறச்சிருக்கீங்க. எனக்கு நீங்க வேணும்."

"அது மாசிலாமணிகிட்டப் போயிடுமே, தையலு."

"அதை நான் பாத்துக்கறேன். நீங்க நடங்க."

அவர் நடந்தார். கடல் தெரிகிற இடத்தில் ஒரு அளவைக் கல்லின்மேல் ஒரு செம்மறிக் குட்டி நாலு காலையும் ஒடுக்கிக்கொண்டு நின்றது. அடுத்த அடி எங்கே வைப்பதென்று தெரியாமல் அவரைப் பார்த்தது. நாலு நாளாக அது அங்கேயே நிற்கிறது. அந்தக் கல்லை நட்டவர் அவர்தான். அதைப் பற்றி யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. ஆனால் அவர் தினம் எழுதுகிற நாட்குறிப்பில் 'பயனுள்ளவை' என்று ஒரு பத்திதான் இருந்தது.

நாற்பத்தெட்டாம் நாள் சாயங்காலம் ஐந்தே காலுக்கு அமிர்தகடேசன் தெற்கிலிருந்து பூங்காவுக்குள் வந்தார். நடுக்கல்லைத் தாண்டி ஓர் அடி வைத்தால் முடிந்தது. எஸ்தர்ராணி சான்றிதழைக் கையில் வைத்திருந்தாள். மாசிலாமணி சலவைச் சட்டை போட்டுக்கொண்டு பெஞ்சின் ஓரமாக உட்கார்ந்திருந்தார். அவர் உதடுகள் ஒரு சொல்லை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தன.

பெஞ்சில் உறை இல்லை. அது தையல்நாயகியின் கக்கத்தில் இருந்தது. அவள் அன்றைக்குத்தான் எட்டில் பெயர் கொடுத்திருந்தாள். புதிதாகச் சேருகிறவர், காத்திருக்காமல் உடனே ஒரு பழக்கத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று பலகையின் பின்பக்கத்தில் எழுதியிருந்ததாம். இத்தனை நாளில் பின்பக்கத்தைப் படித்தவள் அவள் ஒருத்திதான். அவளுடைய எட்டு எட்டடி. அதற்கும் நடு அதே கல்தான். அவள் சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு வடக்கிலிருந்து கல்லை நோக்கி வந்துகொண்டிருந்தாள்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கல்லுக்கு வந்தார்கள். இருவரும் நின்றார்கள்.

எஸ்தர்ராணி விசில் ஊதினாள். "சார், நடுவுல நிக்கக் கூடாது. ஒரு அடி வைங்க, முடிஞ்சுது."

அமிர்தகடேசன் குனிந்து கல்லைப் பார்த்தார். இருபத்தாறு வருஷத்தில் எத்தனையோ வரப்புச் சண்டையில் அவர் சொன்ன ஒரே விஷயம்தான் அவருக்கு ஞாபகம் வந்தது. கல்லில் ஏறி நின்றார். பக்கத்தில் தையல்நாயகிக்கும் இடம் விட்டார்.

"கல்லு எந்த நிலத்துலயும் சேராதும்மா. நான் கோட்டுலயும் இல்ல, இறங்கவும் இல்ல."

எஸ்தர்ராணி பலகையின் முன்பக்கத்தைப் படித்தாள். எழுந்து போய்ப் பின்பக்கத்தையும் படித்தாள். கல்லைப் பற்றி எங்கேயும் ஒன்றும் இல்லை. கடைசி அடி வைக்காததால் நாற்பத்தெட்டாம் நாள் முடியவில்லை. நாள் முடியாததால் மணி ஐந்தே காலைத் தாண்டவில்லை. பூங்கா மணிக்கூண்டைப் பார்த்துவிட்டு அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். நோக்கம் என்ற கட்டத்தில் என்ன போட என்று கேட்டாள். இன்னும் அளந்து முடியவில்லை என்றார் அவர். மாசிலாமணி பெஞ்சில் சாய்ந்து, அமிர்தகடேசனின் மத்தியானத் தூக்கத்தை நிம்மதியாகத் தூங்க ஆரம்பித்தார்.

தையல்நாயகி உறையைப் பிரித்தாள். அமிர்தகடேசன் வாயைத் திறந்து காட்டினார். அவள் சிரித்தாள். தன் பெயருக்கு எழுதி வாங்கியதைத் தர முடியாதென்று சொல்லிவிட்டு, அந்தச் சொல்லைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். இருபத்தைந்து வருஷம் நான் சொன்னேன், இனிமேல் நீங்கள் சொல்லுங்கள் என்றாள்.

அவர் நாற்பத்தெட்டு நாளில் இருநூற்று நாற்பது புதுச் சொல் கற்றிருந்தார். எதுவும் உதவிக்கு வரவில்லை. சான்றிதழ் காற்றில் படபடத்தது. கல்லில் இரண்டு பேர் நிற்க இடம் போதவில்லை, அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கடலோரம் ஒரு ஆட்டுக்குட்டி," என்றார் மெதுவாக. "நான் நட்ட கல்லு மேல ஏறி நிக்கிது. இறங்கத் தெரியல அதுக்கு."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அப்புறம்?" என்றாள்.