மிளகாய்ப் பொட்டலத்தில் வந்த கதை

ரப்பர் விலை விழுந்து கிடந்த வருஷம் அது. ரெங்கம் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக நின்ற லயத்தில் கள்ளுப் பைத்தியம் உண்டு, சேவல் பைத்தியம் உண்டு, சீட்டுப் பைத்தியமோ ஏழெட்டுப் பேர். அவர்களை யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. அண்ணன், மாமா என்று மரியாதை தூள் பறக்கும். பால்வெட்டும் வெள்ளையம்மா ஒரே ஒரு நாவல் வைத்திருந்தாள், அவளுக்கு மட்டும் ‘புத்தகப் பைத்தியம்’ என்று பேர்! என்ன நியாயமோ.

விடியலில் ரப்பர் மரத்தின் பட்டையைக் கீறிவிட்டால், பால் வடிந்து நிற்கும்வரை சும்மாதான் உட்கார வேண்டும். அந்த நேரத்தில் அவள் பெண்களுக்கு நாவலை வாசிப்பாள். கப்பல் கவிழ்ந்து நாயகி கடலில் தத்தளிக்கிற இடம்வரை வந்திருந்தார்கள்.

ஞாயிறன்று கள்ளுக்கடையில் எவனோ அவள் புருஷன் லெட்சுமணனை, “பைத்தியத்தைக் கட்டுனவனே” என்று சீண்டிவிட்டான். வந்த ரோஷத்தில் அவன் புத்தகத்தைத் தூக்கிப்போய் ருக்னுதீன் மளிகைக் கடையில் பழைய தாளாகப் போட்டுவிட்டான். அவரும் அன்றைக்கே தாள் தாளாகக் கிழித்து, மிளகாயைக் கட்டி அடுக்கிவிட்டார்.

மறுநாள் தோப்பில் பெண்கள் சுற்றி உட்கார்ந்ததும் வெள்ளையம்மாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“கதை போச்சுக்கா. பாய் கடையில மொளகா கட்டிட்டாங்க.”

“அடப் பாவி மனுசா!” என்றாள் பேச்சியம்மாள். “அப்ப அந்தப் பொண்ணு செத்தாளா பொழச்சாளா?”

சாயங்காலம் கடையில் ஒரே கூட்டம். பிரித்துப் பார்த்து வாங்க ருக்னுதீன் விடவில்லை. பெண்கள் ஆளுக்கு நாலைந்து வாங்கி, மிளகாயைக் கொட்டிவிட்டுத் தாளை வெள்ளையம்மாவிடம் கொண்டுவந்தார்கள். அவர்களில் ஒருத்திக்கும் எழுத்துத் தெரியாது. வெள்ளையம்மாதான் தும்மித் தும்மிப் பக்க எண் பார்த்து அடுக்கினாள். நடுவில் சில தாள்களும் கடைசித் தாளும் வரவில்லை. அவளுக்கு மனசே விட்டுப்போயிற்று.

அப்போது லெட்சுமணன் கைநிறையப் பொட்டலங்களோடு வந்தான்.

“ஏங்க, எதுக்கு இவ்ளோ மொளகா?”

“மொளகாய யாரு கேட்டா? கடையில மிச்சம் இருந்தது இவ்ளோதான். வராத தாளு இதுல இருக்கான்னு பாரு புள்ள.”

விட்டுப்போன தாள்களெல்லாம் அவற்றில் இருந்தன, மூன்றாவது பொட்டலத்தில் கடைசித் தாள். வெள்ளையம்மா அதை மடியில் வைத்து நீவினாள்.

லெட்சுமணன் தலையைச் சொறிந்தான். “கடையில அத்தன பேரும் நீ படிக்கிற அந்தக் கப்பல் கதையத்தான் பேசுறாங்க. நான்தான் தெரியாம செஞ்சுட்டேன்.”

அவள் கடைசித் தாளை எடுத்தாள். அவன் பெண்களுக்குப் பின்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

“அத அப்புறம் படி. மொதல்லேருந்து ஆரம்பி, நான் ஒண்ணுமே கேக்கல.”