மரத்தூள் உதிர்த்த நாவல்

நூலகத்தின் நான்காவது அலமாரியில் இருந்த ஒரு நாவல், நாளொன்றுக்கு ஒரு கைப்பிடி மரத்தூள் உதிர்த்துவந்தது. பதினோரு வருடங்களாக அதைப் பெருக்கித் தள்ளிய நூலகர், பூச்சி அரிக்கிறது என்றே நினைத்தாள். வெயிலில் காயவைத்தாள், மருந்து அடித்தாள், அட்டையை மாற்றினாள். தூள் நின்றபாடில்லை. ஒரு பக்கத்திலும் ஓட்டை இல்லை என்பதைக் கவனித்திருக்கலாம்தான். நாற்பதாயிரம் புத்தகங்களைக் கட்டி மேய்ப்பவளுக்கு அதற்கெல்லாம் ஏது நேரம்? கழிவுப் பட்டியலில் முதல் வரியில் அதை எழுதிவைத்தாள்.

நூலகத்தின் ஐம்பதாவது ஆண்டில், ஊரை அப்படியே காட்டும் நாவலைத் தேர்ந்தெடுக்கக் குழு அமைந்தது. நூலகர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பல் டாக்டர் என்று மூன்று பேர். தேர்வாகும் நாவல் வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குப் போகும். கழிவுப் புத்தகங்கள் அன்றே காகித ஆலைக்குப் போகும். தலைமையாசிரியர், பரிசு வாங்கிய நாவல் ஒன்றைக் கணீரென்று வாசித்துக் காட்டினார். ஆறு, பாலம், மூடுபனி எல்லாம் இருந்தன.

“நம்ம ஊர்ல எப்ப சார் மூடுபனி இருந்துச்சு?” என்றார் பல் டாக்டர்.

“இலக்கியத்துல இருக்கும்,” என்றார் தலைமையாசிரியர், விட்டுக்கொடுக்காமல்.

அதற்குள் ஆலையின் லாரி வந்துவிட்டது. ஏற்றும் முன் பட்டியல் எண்ணைச் சரிபார்க்க, நூலகர் அந்தப் பூச்சி நாவலைப் பிரித்தாள். எழுதியவர், ஊரில் முன்பு இருந்து இடித்துவிட்ட மர மில்லில் வருகைப்பதிவு பார்த்த குமாஸ்தா. நடை சுமார்தான், ஒரே வாக்கியத்தில் மூன்று ‘ஆகவே’. ஆனால் நாற்பத்திரண்டாம் பக்கத்தில் மில் சங்கு ஊதி ஆட்கள் வெளியே வந்தபோது, அவள் மடி நிறையத் தூள் கொட்டியது. ஈர மரத்தின் வாசனை. மில் விட்டு ஐந்து மணிக்கு வீடு திரும்பும் அப்பாவுடைய சட்டையின் வாசனை. அவர் போய் இருபது வருடமாகிறது; அந்த வாசனையும் அவரோடு போய்விட்டதாகத்தான் அவள் நினைத்திருந்தாள்.

“இதையா தூக்கிப் போடப் பார்த்தேன்!” என்று விக்கி விக்கி அழுதாள்.

தலைமையாசிரியர் இரண்டு பக்கம் படித்தார், நாலு முறை தும்மினார். “நடை சரியில்ல,” என்றார். பிறகு, “எங்க அண்ணனுக்கு ரெண்டு விரல் அங்கதான் போச்சு,” என்று சொல்லித் தேர்வுத் தாளில் அந்த நாவலுக்கே கையெழுத்துப் போட்டார்.

கண்ணாடிப் பெட்டி ஒரு வாரத்துக்குள் தூளால் நிரம்பிவிடவே, மூடியைக் கழற்றிவிட்டார்கள். செய்தி கேட்டு நூலகரின் அம்மா ஒருநாள் ஐந்து மணிக்கு வந்தாள். பெட்டியின் முன் நின்று, “எத்தன தடவ சொல்றது? தலைல இருக்கிற தூள வெளிய தட்டிட்டு உள்ள வாங்க,” என்று அதட்டிவிட்டு, சற்று நேரம் காத்திருந்துவிட்டுப் போனாள்.

அன்றிலிருந்து தூள் வாசற்படிக்கு வெளியேதான் விழுகிறது. பெருக்குவதற்கு அது சௌகரியமாகவும் இருக்கிறது.