கண்ணை மறைக்கும் பட்டை

பால் பாக்கெட்டைக் கத்தரித்துப் பாலைக் காய்ச்சினேன். ஒரு டம்ளர் காபி போட்டேன். சட்டைக்கு இஸ்திரி போட்டேன். ஆபீஸுக்குப் போகும் ஹடப்சர் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. அழைப்பு மணி அடித்தது.

டாக்டர் கோவிந்தராஜன். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். புனே மாணவர்களுக்காக உடற்கூறுப் புத்தகம் எழுதுகிறார். படங்களெல்லாம் என் மனைவி வைஷு இறப்பதற்கு முன் வரைந்தவை. கடைசிப் படத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தார். அன்று மாலை அது அச்சுக்குப் போக வேண்டும்.

வைஷுவுக்குப் பிறவியிலேயே முதுகெலும்பு வளைந்திருந்தது. அந்தப் படத்தில் இருப்பது அவளேதான். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே நின்று பார்த்து வரைந்தாள். முதுகில் எலும்புகள் திறந்து தெரியும். தலை தோளுக்கு மேலே திரும்பி நம்மை நேராகப் பார்க்கும்.

இப்போது கண்களின் மேல் ஒரு கறுப்புக் காகிதப் பட்டை கிடந்தது. இன்னும் ஒட்டவில்லை.

"நோயாளி படம்னா கண்ணை மறைக்கறது வழக்கம்ப்பா."

"மத்த படங்கள்ல மறைக்கலையே?"

"அதெல்லாம் நார்மல் உடம்பு, சேஷு."

உள்ளேயிருந்து மாமியார் விசாலாக்ஷி வந்தார். வைஷுவின் தங்கை ப்ரீதிக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மறைச்சுடுங்கோ டாக்டர். பொண்ணு பாக்க வரவாள்லாம் அக்காவுக்குக் கூனாமேன்னுதான் முதல்ல கேக்கறா. மூஞ்சியோட போட்டா ஊருக்கே தண்டோரா போட்ட மாதிரின்னா ஆயிடும்."

"இதைப் படிக்கப்போறது டாக்டருக்குப் படிக்கற பசங்கதாம்மா," என்றார் டாக்டர்.

"பாத்திருக்கற பையனும் டாக்டர்தான்!"

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். நான் சிரிக்கவில்லை.

"வைஷுவே கடைசியா சொன்னா, மாப்பிள்ளை. ஆஸ்பத்திரில, நீங்கோ மருந்து வாங்கப் போயிருந்தப்போ. கண்ணை மறைச்சுடச் சொல்லும்மான்னா."

மருந்து வாங்கப் போனது மாமியார். கட்டிலருகே இருந்தது நான். படம் வைஷுவின் மடியில் இருந்தது. அவர் திரும்பி வந்தபோது அவளுக்குப் பேச்சு நின்றுவிட்டது.

டாக்டர் பசைக் குப்பியைத் திறந்தார். "அவ ஆசை அதுதான்னா ஒட்டிடறேன். நீ சொல்லு."

"மாப்பிள்ளை," என்றார் விசாலாக்ஷி. "எனக்கு இனிமே ப்ரீதி ஒருத்திதான். அவளுக்காவது நல்லது நடக்கட்டுமே."

அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. படத்தைப் பார்த்தேன். பட்டையை எடுத்து மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பிறகு வைஷு கடைசியாக என்னிடம் சொன்னதை அப்படியே சொன்னேன்.

"முதுகு அச்சு அசலா வந்துருக்கு. மூக்குதான் கோணலாப் போயிடுத்து. பாக்கறவா என்ன நெனைப்பா?"