நன்றியுடன் ஏற்கப்பட்ட ராஜினாமா

இங்கிலாந்தின் பிரஸ்டன் நகரத்தில் குஜராத்திகள் குடியேறியதற்கு இரண்டே காரணங்கள். ஒன்று பஞ்சு, மற்றது டாயாபாய். இதைச் சொன்னவரும் டாயாபாய்தான். சிரிக்காமல் சொன்னார். இரவு ஷிப்டு முடிந்து, காலை ஆறு மணிக்கு, மில் வாசல் பஸ் நிறுத்தத்தில் ஒன்பது பேர் நின்றிருந்தார்கள். எல்லோர் புருவத்திலும் பஞ்சு படிந்திருந்தது. எல்லோரும் இதை ஏற்கெனவே கேட்டவர்கள்.

"பஞ்சு இல்லாட்டி வேற ஏதாவது வேலை கிடைச்சிருக்கும். நான் இல்லாட்டி?"

"நீங்க இல்லாட்டி நாங்க ஊர்ல, நவ்சாரியிலயே நிம்மதியா இருந்திருப்போம், பாய்" என்றார் சோமாபாய். பக்கத்து மெஷின்காரர். பன்னிரண்டு வருடமாக இதே பதில்தான்.

டாயாபாய் சொன்னதில் பொய் கொஞ்சம்தான். குஜராத்தி சங்கம் பிறந்தது அவர் வீட்டு முன்னறையில். ஏழு ஆண்கள், ஒரு ஆர்மோனியம், அவர் மனைவி காசிபென் சுட்ட நூற்று நாற்பது பூரிகள். பிறகு நவராத்திரிக்குப் பள்ளிக்கூட மண்டபம் பிடித்தார்கள். அதற்குள் ஆப்பிரிக்காவிலிருந்து உறவுக்காரர்கள் வந்து சேர, பள்ளிக்கூடமும் போதாமல் போனது. ஆளில்லாத பழைய தேவாலயம் ஒன்றையே வாங்கி, நானூறு பேர் சாப்பிடுகிற கூடமாக்கினார்கள். வாங்கியது நரோத்தம்பாய் சங்கத் தலைவரான பிறகு. நைரோபி ரயில்வே அலுவலகத்தில் ஃபைல் பார்த்தவர். டை கட்டிக்கொண்டே மாவு பிசையக்கூடியவர்.

திறப்பு விழா அழைப்பிதழில் டாயாபாயின் பெயர் மூன்றாவதாக வந்தது. அவர் செயற்குழுவிலிருந்து ராஜினாமாக் கடிதம் எழுதினார்.

விலகுவதற்காக எழுதவில்லை. ஊர்க் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் மாமா முறுக்கிக்கொண்டு மாட்டுக்கொட்டகையில் போய் உட்காருவார். பெண்வீட்டார் பின்னாலேயே ஓடி, காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி, வாயில் பேடா ஊட்டிக் கூட்டிவருவார்கள். கோபித்தவர் கோபிக்க வேண்டும், மற்றவர் கெஞ்ச வேண்டும், முறை அது. மூன்று ஞாயிற்றுக்கிழமை டாயாபாய் கோட்டு சூட்டோடு முன்னறையில் உட்கார்ந்திருந்தார். காசிபென் பத்துப் பேருக்கு டீ போட்டு வைத்தாள்.

நாலாவது வாரம் டைப் அடித்த கடிதம் வந்தது. "தங்கள் ராஜினாமா செயற்குழுவில் நன்றியுடன் ஏற்கப்பட்டது."

"கெஞ்சவே இல்லையேடீ" என்றார்.

"அவரு நைரோபியில ரூல்படி வளந்தவருங்க. போறேன்னு எழுதுனா போறேன்னுதான் நினைச்சிருப்பாரு."

அது நடந்து மூன்று வருடம். சங்கம் வளர வளர டாயாபாய்க்கு வயிறு எரிந்தது. அங்கே புதுச் சமையலறை வந்தால் இவருக்குப் புளியேப்பம் வந்தது. சனிக்கிழமைகளில் நரோத்தம்பாய் ஒரு மேசை போட்டு, ஆங்கிலத்தில் வரும் கடிதம், விண்ணப்பம் எல்லாவற்றையும் ஜனங்களுக்குப் படித்து எழுதிக்கொடுக்க ஏற்பாடு செய்தபோது இவரால் தாங்கவே முடியவில்லை.

"பிச்சைக்காரன் வரிசை" என்றார் பஸ் நிறுத்தத்தில். "கையில காகிதத்த ஏந்திக்கிட்டு, ஐயா சாமி, படிச்சுச் சொல்லுங்கன்னு. த்தூ! நான் செத்தாலும் அங்க போய் உக்கார மாட்டேன்."

"செத்தா சர்டிபிகேட்டும் அங்கதான் எழுதணும், பாய். மாமியார் போனப்போ எழுதி வாங்கினேன்" என்றார் சோமாபாய்.

அந்த மாதமே மில்லில் அறிவிப்பு ஒட்டினார்கள். ஆர்டர் குறைந்துவிட்டது, இரவு ஷிப்டு மட்டும் நிறுத்தப்படும். இரவு ஷிப்டில் குஜராத்திகளும் பாகிஸ்தான்காரர்களும்தான். பகல் ஷிப்டில் வெள்ளைக்காரர்கள். கடைசி நாளன்று ஆளுக்கு ஒரு உறை கொடுத்தார்கள். டாயாபாய் அதைப் பிரிக்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிரித்தாலும் ஆங்கிலம்.

ரப்பர் தொழிற்சாலை ஒன்றில் ஆள் எடுத்தார்கள். நாலு பக்க விண்ணப்பம், திங்கள்கிழமை கடைசி. டாயாபாய் இரண்டு வாரம் அதை மடியில் வைத்துக்கொண்டு தன் பெயரை மட்டும் எழுதினார். நன்றாகவே எழுதினார். இரண்டாவது கேள்வியோடு நின்றுபோனது.

"மேசைக்குப் போயிட்டு வாங்களேன்" என்றாள் காசிபென்.

"குடை வாங்கப் போறேன்" என்று சனிக்கிழமை காலை கிளம்பினார். நல்ல வெயில்.

கூடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். முன்னால் பதினான்கு பேர். சோமாபாய் திரும்பிப் பார்த்தார். உடனே முன்பக்கம் திரும்பிக்கொண்டார். கேலி செய்திருந்தால் தேவலை என்றிருந்தது டாயாபாய்க்கு.

நரோத்தம்பாய் தட்டில் டீ எடுத்துக்கொண்டு வரிசையாக வந்தார். "அடடே, டாயாபாய்! ராஜினாமா பண்ணினவங்களும் உறுப்பினர்தான், விதியில இருக்கு. எடுத்துக்குங்க."

குத்தலா என்று முகத்தைப் பார்த்தார். இல்லை; மனுஷன் விதியைத்தான் சொல்கிறார். டீயிலாவது குறை இருக்கும் என்று குடித்துப் பார்த்தார். இஞ்சி சரியாக இருந்தது. அதுதான் பொறுக்கவில்லை.

ஒன்றரை மணி நேரம் கழித்து முறை வந்தது. மேசையில் நரோத்தம்பாயின் மகள் ஹன்ஸா, கல்லூரிப் பெண்.

"மில்லுல என்ன வேலை மாமா?"

"நூல் மெஷின். பதினாறு வருஷம்மா. மெஷினப் பாக்கவே வேண்டாம். நூல் சுத்துற நானூறு கதிர்ல எந்தக் கதிர் கெட்டுப்போச்சுன்னு சத்தத்துலயே சொல்லுவேன். புதுசா வர்ற வெள்ளக்காரங்கள முதல்ல ஆறு வாரம் ராத்திரிக்கு அனுப்புவாங்க, எங்கிட்ட தொழில் கத்துக்க. கத்துக்கிட்டதும் பகலுக்கு மாத்திடுவாங்க. பதினோரு பேரு அப்படிப் போனாங்க. எழுதும்மா."

அவள் எழுதவில்லை. அவர் நீட்டிய மில் உறையைப் பிரித்துப் படித்துக்கொண்டிருந்தாள்.

"மில்லுல வேற மாதிரி எழுதியிருக்காங்க மாமா."

"எப்படி?"

"பயிற்சி இல்லாத கூலித் தொழிலாளி. நேரத்துக்கு வருவார்." அவள் தலை நிமிரவில்லை. "இந்தக் கடிதத்தையும் விண்ணப்பத்தோட வைக்கணும். கடிதம் ஒண்ணு சொல்லி, விண்ணப்பம் ஒண்ணு சொன்னா திருப்பி அனுப்பிடுவாங்க."

"யாரு கையெழுத்து?"

"ராய் ஆஷ்வொர்த். பகல் ஷிப்டு மேற்பார்வையாளர்."

டாயாபாய் அந்தக் கையெழுத்தைப் பார்த்தார். பதினோராவது ஆள் அவன். அறுந்த இழையை முடிச்சுப் போடத் தெரியாமல் ஒருநாள் அழுதுவிட்டான். இவர்தான் அவன் விரலைப் பிடித்து முடிச்சுப் போடவைத்தார்.

பின்னால் யாரோ இருமினார்கள். வரிசை வாசல்வரை நின்றது.

"அதையே எழுதிடும்மா" என்றார்.

ஹன்ஸா எழுதித் திருப்பிவைத்து, இடத்தை விரலால் தொட்டுக் காட்டினாள். அவர் பேனாவை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாக, அடித்தல் திருத்தல் இல்லாமல், அந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டார்.