அளவெடுக்க வந்தவள்

1

இந்தக் கதை என் மனைவிக்கு வந்த ஒரு தொலைபேசி அழைப்பில் பிறந்தது. அழைத்தவள் அவளுடைய தங்கை, ஓவியக்காரி. மனைவி ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். (நான் ஒட்டுக்கேட்கவில்லை. பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன், காது சும்மா இருந்தது.)

மச்சினி வரைவதெல்லாம் நிலக்காட்சிகள். ஆனால் மலையும் அருவியும் அவளுக்கு ஆகாது. புறநகர் முடிந்து நாணல் தொடங்கும் இடம் வேண்டும்: பூசாத மதில், மின்கம்பம், நிறுத்திவைத்த கார், அதற்கப்பால் சதுப்பு. கண்ணெதிரே இருப்பதை மட்டும் வரைவாள். மனிதர்களை வரையவே மாட்டாள். ஆளைப் போட்டால் எல்லாரும் ஆளைத்தான் பார்ப்பார்கள், இடத்தைப் பார்க்கமாட்டார்கள் என்பது அவள் கட்சி.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "காலைப் பனி விலகாத சதுப்பின் விளிம்பில் ஒரு பெண் தன் தனிமையை—"

வேண்டாம். அங்கே பனியும் இல்லை, தனிமையும் இல்லை. வெயில் அடித்தது. தெருவே ஜன்னல் வழியாக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

தெருவின் கடைசி வீட்டு வாசலில் ஒரு தூங்குமூஞ்சி மரம்.* அதுதான் படத்தின் நடு. எதிர்ப்பக்கம் கேன்வாஸ் வைக்கும் மூன்று கால் தாங்கியை நிறுத்தி, கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, பிரஷ்ஷால் மரத்தை அளப்பாள். தினமும் காலையில் இதே வேலை. அந்த வீட்டுத் தையல்காரம்மா வழக்கமாக மரத்தடியில் மெஷின் போட்டுத் தைப்பவள். இவள் வந்த நாளிலிருந்து மெஷின் உள்ளே போய்விட்டது. ஏன் என்று ஓவியக்காரி யோசிக்கவில்லை. காட்சியில் ஆள் இல்லாதது அவளுக்கு வசதியாகத்தான் இருந்தது.

ஒரு காலையில் போய் நின்றால், மரம் இல்லை. அடிக்கட்டையும் மரத்தூளும்தான் கிடந்தன.

* சாயங்காலம் இலையை மடித்துக்கொள்ளும். அதனால்தான் காலை வேலை.

3

இந்த இடத்தில் ஒரு கட்டட முதலாளியைக் கொண்டுவந்து, பழியை அவர் தலையில் போட்டு— [கைவிட்டேன். அப்படி ஒருவர் இல்லை.]

விஷயத்தைச் சொன்னவர் பக்கத்துக் கடைக்காரர். ரோட்டை அகலப்படுத்தப் போகிறார்கள் என்று ஏற்கெனவே ஒரு பேச்சு இருந்ததாம். மூன்று கால் தாங்கியும் மூடிய ஒற்றைக் கண்ணும் போதாதா? சர்வே எடுக்க ஆள் வந்துவிட்டது என்று தெரு முடிவுகட்டிவிட்டது. மரம் எப்படியும் போகும் என்று தையல்காரம்மாவும் நம்பிவிட்டாள்.

தாங்கியை மடித்துக்கொண்டு ஓவியக்காரி நழுவிவிட்டதாக முதல் வரைவில் எழுதியிருந்தேன். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். அவளோ ரோட்டைக் கடந்துபோய்க் கதவைத் தட்டினாள்.

4

தான் யார், என்ன செய்கிறாள் என்று எல்லாவற்றையும் சொன்னாள். தையல்காரம்மா நிலைக்கதவைப் பிடித்தபடி நின்றாள்.

"வேற யாரோ வந்து வெட்டுறதைப் பாக்க முடியாதுன்னுதாம்மா நானே ஆள் விட்டேன்."

பிறகு படத்தைக் காட்டச் சொன்னாள். மரத்தின் ஒரு பாதி இலையும் வெளிச்சமுமாக நிறைந்திருந்தது. மறுபாதி வெறும் கரிக்கோடு.

"இதை முடிச்சுக் குடுங்க."

"இல்லாததை நான் வரையறதில்லக்கா."

"நீங்க வந்து நின்னதாலதானே இல்லாமப் போச்சு?"

(இதோடு கொஞ்ச நாள் கதையை மூடிவைத்துவிட்டேன்.)

5

பிறகு, ஓவியக்காரி கண்ணீர் விட்டு நினைவிலிருந்தே மரத்தை வரைந்து முடிப்பதாக எழுதினேன். நன்றாகவே வந்திருந்தது. மனைவி அதைத் தங்கைக்குப் படித்துக் காட்டினாள்.

"அத்தான், நான் அழவும் இல்ல, மரத்தை முடிக்கவும் இல்ல. நடந்ததை எழுத முடிஞ்சா எழுதுங்க. இல்லாட்டி விட்டுடுங்க."

நடந்தது இது. பாதி மரத்தை அழிக்கமாட்டேன், அதே கேன்வாஸில் இனிமேல் கண்ணெதிரே இருப்பது எதையும் விடாமல் வரைவேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். மறுநாள் அதே இடத்தில் தாங்கியை நிறுத்தினாள். தையல்காரம்மா மெஷினை வெளியே இழுத்துவந்து, அடிக்கட்டைக்குப் பக்கத்தில், கொளுத்தும் வெயிலில் போட்டு உட்கார்ந்தாள்.

"எதையும் விடமாட்டேன்னு சொன்னீங்கல்ல? நான் இருக்கேன். வரைங்க."

ஓவியக்காரி கரித்துண்டை எடுத்தாள். மனித உருவம் அவளுக்குக் கைவராதது. தோள் ஒரு பக்கம் போனது, கழுத்து ஒரு பக்கம் போனது. துடைத்துவிட்டு மறுபடி போட்டாள். அங்கே தையல்காரம்மாவுக்கு வேர்த்து வழிந்தது, உள்ளே போகவில்லை. இங்கே இவளும் மதில் நிழலுக்கு ஒதுங்கவில்லை. கடைக்காரர் இரண்டு பேருக்கும் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, யாருக்குப் பரிந்து பேசுவது என்று தெரியாமல் திரும்பிப் போனாராம்.

6

இதை எழுதும்போது படம் முடியவில்லை. சதுப்பும் வீடும் அடிக்கட்டையும் மெஷினும் ஆகிவிட்டன; முகம் வரவில்லை. வரைவதும் துடைப்பதுமாக இருக்கிறாள். எதிரே மெஷின் ஓடுகிறது.

(அ) தையல்காரம்மா படத்தை வாங்கித் தன் வீட்டுக்குள் மாட்டுகிறாள். என் மனைவிக்கு இதுதான் வேண்டும்.

(ஆ) ஒருமுறை பார்த்துவிட்டு, எடுத்துக்கொண்டு போ என்கிறாள். எனக்கு இதுதான் நியாயமாகப் படுகிறது.

(இ) 

இதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எப்படி வேண்டுமானாலும் முடியுங்கள். இருவரில் யாரையாவது இடையில் எழுந்து போகவைக்க மட்டும் பார்க்காதீர்கள். நான் முயன்று பார்த்துவிட்டேன், போகமாட்டார்கள்.