கடல்மீனுக்கு ஒரு மோட்டார்

பினாங்கில் முதலாளி வீட்டுக் கூடத்தில் பார்த்த கடல்மீன் தொட்டியை ஜமால் முகம்மது மறக்கவேயில்லை. 1973இல் காரைக்குடிக்குத் திரும்பியதும் தன் வீட்டிலும் ஒன்று அமைத்தார். கூடத்துக் கண்ணாடித் தொட்டியில் நிறைந்து வழியும் நீர், பின்கட்டிலிருந்த சிமெண்டுத் தொட்டிக்கு இறங்கி, மணலில் வடிந்து தெளியும். அதை மறுபடி மேலே ஏற்றத்தான் மோட்டார். தொண்டியிலிருந்து பீப்பாய்களில் கடல்நீர் வந்தது. வண்ணாத்தி மீன்களும் வந்தன.

முதலில் வாங்கிய இரும்பு மோட்டார் துருப்பிடித்துத் தண்ணீரைச் செம்மண் நிறமாக்கியது. பித்தளை துருப்பிடிக்காதே என்று மதுரைக்குப் போய்ப் பித்தளை மோட்டார் வாங்கிவந்தார். தண்ணீர் தெளிந்தது, மீன்கள்தான் ஒவ்வொன்றாக மல்லாந்தன. உப்புநீர் பித்தளையிலிருக்கும் செம்பை அரிக்கும், அது கடல் உயிர்களுக்கு விஷம் என்று கல்லூரி ஆசிரியர் ஒருவர் சொன்ன பிறகுதான் புரிந்தது. ஆசிட் ஏற்றப் பயன்படும் பிளாஸ்டிக் மோட்டாருக்குப் பம்பாய்க்கு எழுதிப்போட்டார்.

அவர் மனைவி ஆசியா பீவிக்கு வலது தோள் தேய்ந்துபோயிருந்தது. வீட்டுக்கு வேண்டிய தண்ணீர் முழுவதும் கிணற்றிலிருந்து அவள் இறைத்ததுதான். கடல்நீர் சுண்டச் சுண்ட உப்பு ஏறிவிடுமாம். அதற்காகக் கீழ்த்தொட்டியில் தினமும் ஊற்றும் நல்ல தண்ணீரையும் அவளே இறைத்தாள்.

"அந்தப் பித்தள மோட்டாரு சும்மாத்தானங்க கெடக்கு? கெணத்துல மாட்டி விடுங்களேன். நல்ல தண்ணிக்கு ஒண்ணும் பண்ணாதுன்னு நீங்கதான சொன்னீக."

"பாப்போம். மொதல்ல பம்பாய் மோட்டார் வரட்டும்."

வந்தது. சத்தமே இல்லாமல் ஓடியது. புதிதாக வந்திறங்கிய மீன்களைப் பார்க்க வந்த சிநேகிதர் அமீர் ஹம்சா, மூலையில் கிடந்த பித்தளை மோட்டாரைத் தட்டிப் பார்த்து, தன் தென்னந்தோப்புக்கு ஆகும் என்றார்.

"எடுத்துட்டுப் போங்க பாய். இங்க யாருக்கு வேணும்?" என்றார் ஜமால் முகம்மது.

தேநீர்த் தட்டோடு ஆசியா பீவி அங்கேயே நின்றிருந்தாள்.

மறுநாளிலிருந்து கீழ்த்தொட்டிக்கு அவள் தண்ணீர் ஊற்றவில்லை. அதனால் மோட்டாருக்கு என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாது; தெரிந்திருந்தாலும் ஊற்றியிருக்க மாட்டாள். அவரும் பின்கட்டுப் பக்கம் போகவில்லை. தண்ணீர் இறங்கி, மோட்டார் காற்றை இழுத்து, சூடேறிக் கருகியது. ஒக்கூரில் ஒரு நிக்காஹுக்குப் போய்த் திரும்பியவரைக் கருகல் வாடைதான் வரவேற்றது. மீன்கள் செத்து மிதந்தன.

"தண்ணி ஊத்தலையா நீ?"

"ஊத்தல. கை வரல."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேனே. நீங்க மீனப் பாத்துக்கிட்டு இருந்தீக."

அவர் செத்த மீன்களை அள்ளப் போனார். சில நாள் கழித்து, "தண்ணி எறைக்க ஆளு சொல்லியிருக்கேன்" என்றபோது ஆசியா பீவிக்கு மனம் இளகிவிட்டது. அன்று சோற்றுக்கு அவருக்குப் பிடித்த மீன் ஆணம் காய்ச்சினாள்.

மறுநாள் காலையில் அவர் சொல்லியிருந்த பொன்னுத்தாயி வந்தாள். குடம் குடமாக இறைத்துக் கீழ்த்தொட்டியை அலசினாள். சமையலறையிலிருந்த வெற்றுக் குடங்களை ஆசியா பீவி கிணற்றடிக்குக் கொண்டுவந்து வைத்தாள்.

பொன்னுத்தாயி சங்கடத்தோடு பார்த்தாள். "தொட்டி வேலைக்கு மட்டுந்தான்னு ஐயா சொன்னாகம்மா. பம்பாய்லருந்து மறுக்கா மோட்டாரு வருதாம்ல? பரவால்ல, ரெண்டு கொடம் எறைச்சுத் தாரேன்."

"வேணாம். நீ ஒன் வேலையப் பாரு."

ஆசியா பீவி கயிற்றை இடக்கைக்கு மாற்றிப் பிடித்து, வாளியைக் கிணற்றுக்குள் விட்டாள்.