தண்ணீர் கேனைத் தூக்கியது யார்?

தண்ணீர் கேன் ஸ்டாண்டின் மேல் இருந்தது. முதல் சந்தேகம் அங்கேதான் ஆரம்பித்தது.

அவளுக்கு ஆயத்த ஆடை கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் சட்டைகளை வெளிச்சத்தில் விரித்துப் போட்டு, நூல் பிரிந்த இடம், பட்டன் சாய்ந்த இடம், கறை பட்ட இடம் என்று பார்த்துப் பார்த்துச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவாள். குறை கண்டுபிடிக்கத்தான் சம்பளமே. கூட வேலை செய்கிறவர்கள் அவளுக்கு வைத்த பெயர் பூதக்கண்ணாடி. அதில் அவளுக்கு வருத்தமில்லை. கொஞ்சம் பெருமைகூட உண்டு. வேலை முடிந்ததும் கண்ணைக் கழற்றிக் கம்பெனியிலேயே வைத்துவிட்டு வர முடியாதே, வீட்டுக்கும் அதே கண்ணோடுதான் வருவாள். கட்டிக்கொண்டவன் பாடு திண்டாட்டம்தான்.

கேன் போடுகிறவர் காலையில் வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவார். மாடிப்படி ஏறி வந்த கோபத்தில் உள்ளே எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். சாயங்காலம் கணவன் வந்து அதைச் சமையலறை வரைக்கும் உருட்டி, மூச்சைப் பிடித்து ஸ்டாண்டில் ஏற்றுவான். அவன் லிஃப்ட் மெக்கானிக். அடுக்குமாடிக்காரர்களை எல்லாம் ஏற்றி இறக்குகிற மனுஷன், ஒரே ஒரு கேனை ஏற்றிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு தைலம் கேட்பான். அன்றைக்கு அவன் இன்னும் வீடு திரும்பவில்லை. கேன் மட்டும் மேலே ஏறி ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

வீட்டில் பகலெல்லாம் இருப்பது நாத்தனார் ஒருத்தர்தான். அவரால் ஒரு டம்ளரைக்கூட நடுங்காமல் பிடிக்க முடியாது என்பதுதான் அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த நிலவரம்.

நாத்தனார், கணவனுக்கு அக்கா. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவர். பெரிய கம்பெனி ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தார். யார் யாரையோ யார் யாரோடோ பேச வைத்தே காலம் ஓடியது. பிறகு அந்த வேலையை ஒரு மெஷின் குரல் எடுத்துக்கொண்டது. ஒண்டிக் குடித்தனம் இருந்த அறையில் பேச ஆளில்லாமல், குளிக்காமல், சாப்பிடாமல், சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். தம்பி போய்க் கதவைத் தட்டியபோது அவர் எழுந்து வந்து திறக்கவே வெகுநேரம் ஆயிற்று. மனநல டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். உடம்பை அசைக்க வேண்டும், தினமும் நடக்க வேண்டும், தனியாகக் குடியிருக்க விடக் கூடாது என்றார். அக்காவையும் ஒரு பெட்டியையும் தம்பி இங்கே அழைத்துவந்தான்.

அவருக்குச் சின்ன அறையை ஒழித்துக் கொடுத்தார்கள். இதில்தான் சங்கடம். அந்த அறை அவள் தன் தையல் மெஷினுக்காக வைத்திருந்தது. கம்பெனிகளில் ஓடுவது போன்ற கனமான இரும்பு மெஷின், பழையதாக வாங்கியது. அதை அங்கே போட்டு, வேலையை விட்டுவிட்டு, வீட்டிலேயே சொந்தமாகத் தைக்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் கனவு. இப்போது மெஷின் ஒரு போர்வையைப் போர்த்திக்கொண்டு கூடத்தில் நிற்கிறது. அதில் கால் விரலை இடித்துக்கொள்ளாத ஆள் வீட்டில் கிடையாது. நாத்தனாரிடம் இதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லவில்லை என்பதை மட்டும் அடிக்கடி நினைத்துக்கொள்வாள்.

கேனைப் பற்றிக் கேட்டபோது, தம்பி நடுவில் வந்துவிட்டுப் போயிருப்பான் என்றார் நாத்தனார், அவள் முகத்தைப் பார்க்காமல். இரவு கணவனைக் கேட்டாள். அவன் வரவே இல்லையாம். யார் தூக்கினால் என்ன, தன் இடுப்பு தப்பித்தது என்று சொல்லிவிட்டுப் புரண்டு படுத்தான். ஆண்பிள்ளைக்கு அவ்வளவுதான் யோசனை போகும். அவளுக்குப் போன இடம் வேறு. நாத்தனார் தூக்கவில்லை, கணவன் தூக்கவில்லை என்றால், மூன்றாவதாக ஒரு ஆள் வீட்டுக்குள் வந்து போயிருக்கிறான். நல்ல தாட்டியான ஆள்.

அதற்குப் பிறகு பூதக்கண்ணாடிக்கு ஓய்வே இல்லை. நாத்தனார் நடக்கப் போட்டுக்கொள்கிற கறுப்பு பேன்ட் துவைக்கக் கிடந்தது; அதில் தொடைப் பக்கம் வெள்ளையாக ஒரு கை அடையாளம் பதிந்திருந்தது. முகப்பவுடர் இல்லை, மோந்து பார்த்தாள், வாசனையே கிடையாது. மாவும் இல்லை. விரலில் தேய்த்தால் சுண்ணாம்புபோல வறண்டு ஒட்டியது. டாக்டரிடம் இனித் தனியாகவே போய்க்கொள்கிறேன் என்று நாத்தனார் சொல்ல ஆரம்பித்ததும் அந்த வாரத்தில்தான். பகலில் நடக்கப் போகிறவர் சில நாள் அவள் வீடு வந்த பிறகே திரும்புவார்; ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டால், பூங்காவில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டேன் என்பார். உட்கார்ந்து வந்தவருக்கு எதற்கு அவ்வளவு வியர்வை?

இதில் அவளுக்குக் கோபமும் இருந்தது, குறுகுறுப்பும் இருந்தது. ஐம்பதைத் தாண்டியவர் யாரோடு பழகினால் நமக்கு என்ன என்று ஒரு மனசு சொல்லும். என் வீட்டுச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு பழகுகிறாரே என்று இன்னொன்று சொல்லும்.

ஒருநாள் குளித்துவிட்டு வந்த நாத்தனாரின் சட்டைக் கழுத்து கொஞ்சம் நழுவியது. காறை எலும்பை ஒட்டி, சிவந்து கன்றிப்போன ஒரு தடம். நகம் பட்டதில்லை, பூச்சி கடித்ததும் இல்லை. எதையோ வைத்து அழுத்தினால் வருகிற தடம். அதைப் பார்த்ததும் அவளுக்குக் குறுகுறுப்பெல்லாம் வடிந்துபோய்ப் பயம் வந்துவிட்டது. ஆளும் இல்லை, பழக்கமும் இல்லை, இவர் தன்னையே ஏதாவது செய்துகொள்கிறாரோ? கண்ணெதிரே இருந்தும் கவனிக்காமல் விட்டுவிட்டோமோ? மாத்திரை அட்டைகளை எடுத்துப் பார்த்தாள். டாக்டர் சொன்னபடிதான் காலியாகியிருந்தன.

அதே சமயம் இன்னொரு சந்தேகமும் ஒளிந்து ஒளிந்து தலை நீட்டியது. அதை நினைக்க அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஒரு சாயங்காலம் அவள் சத்தமில்லாமல் கதவைத் திறந்து வந்தபோது, சமையலறையில் நாத்தனார் வாய்க்குள் பாடிக்கொண்டு பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்த முதுகு, சுறுசுறுப்பான கை. இவளைப் பார்த்ததும் பாட்டு நின்றது, தோள் தொங்கியது, கை நடுங்க ஆரம்பித்தது. அன்றைக்குத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, பசியில்லை என்று படுத்துவிட்டார். மனுஷிக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையோ, அறையை விட மனசில்லாமல் நாடகம் ஆடுகிறாரோ என்று அவளுக்குச் சுருக்கென்றது.

இனியும் பொறுக்க முடியாது என்று மறுநாள் கம்பெனியில் அரைநாள் லீவு சொன்னாள். தெருமுனை மருந்துக் கடை ஓரத்தில் நின்றாள். நாத்தனார் வெளியே வந்தார். வாசல் வரை தள்ளாடின மாதிரிதான் வந்தார். தெரு திரும்பியதும் அவர் நடந்த நடைக்கு இவள் ஓட வேண்டியிருந்தது. பூங்காவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டயர் கடைச் சந்தில் நுழைந்து, அதன் பக்கவாட்டில் இருந்த படியில் ஏறினார். மேலேயிருந்து தொப்பென்று ஏதோ கனமாக விழுகிற சத்தம் கேட்டது. ஆண்பிள்ளை யாராவது இருந்தால் என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டே அவளும் ஏறினாள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். எதற்கு என்று அவளுக்கே தெரியாது.

மேலே நீளமான ஒரு கூடம். ரப்பர் விரித்த தரை, ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. எல்லோரும் பெண்கள். நடுவில் நாத்தனார் நின்றுகொண்டிருந்தார். பிடி வழுக்காமலிருக்க ஒரு டப்பாவில் கையை விட்டு வெள்ளைப் பொடியைத் தேய்த்து, மிச்சத்தைப் பழக்கதோஷத்தில் தொடையில் துடைத்தார். குனிந்தார். இரண்டு பக்கமும் வட்டு மாட்டிய இரும்புக் கம்பியைப் பிடித்து, ஒரே இழுப்பில் தூக்கிக் காறை எலும்பின் மேல் நிறுத்தினார். அப்படியே உட்கார்ந்தார், எழுந்தார். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, கண் எங்கேயோ ஒரே இடத்தில் நின்றது. பக்கத்தில் இருந்த கோச் அம்மா, "முட்டியை உள்ள விடாதீங்க" என்று மட்டும் சொன்னார்.

கேன், பவுடர், தடம் எல்லாம் ஒரே நொடியில் அவளுக்கு விளங்கிவிட்டது. சிரிப்புத்தான் முதலில் வந்தது. தாட்டியான ஆள் என்று நினைத்தது சரிதான், ஆளைத்தான் மாற்றி நினைத்துவிட்டாள்.

கம்பியைக் கீழே போட்ட நாத்தனார் கண்ணாடியில் இவளைப் பார்த்தார். உடனே தோள் தொங்கியது. கை நடுங்கியது. கண் தரைக்குப் போனது. அத்தனை கனத்தைத் தூக்கிய மனுஷி, இவள் ஒருத்தி வந்து நின்றதற்காக நோயாளி ஆனார். இவளுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அந்தப் பயம் நடிப்பில்லை என்று பார்த்ததுமே தெரிந்தது.

படியில் இருவரும் உட்கார்ந்தார்கள். இங்கே எப்படி வந்தார் என்பதை நாத்தனார் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நடக்கப் போனபோது மழை பிடித்துக்கொண்டதாம்; ஒதுங்க ஏறினாராம். கோச் அம்மா சும்மா நிற்காதீர்கள் என்று வெறுங்கம்பியைக் கையில் கொடுத்தாராம்.

"எல்லாரும் மனசு எப்படி இருக்கு, மனசு எப்படி இருக்குன்னு கேட்டுக் கேட்டு, எனக்கு அந்த வார்த்தையே பயமாப் போச்சும்மா. இவங்க ஒண்ணும் கேக்கலை. காலை அகட்டி நில்லுங்கன்னாங்க. அதைத் தூக்கும்போது வேற எதையும் நெனைக்க முடியாது. நெனைச்சா கால்ல போட்டுக்க வேண்டியதுதான். அன்னிக்குக் கேனையும் அப்படித்தான் எதையும் நெனைக்காமத் தூக்கி வச்சிட்டேன்."

டாக்டருக்கும் தெரியுமாம். நல்ல மாற்றம், அடுத்த மாதத்திலிருந்து மாத்திரையைப் படிப்படியாகக் குறைக்கலாம், இனி அடிக்கடி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

"அப்புறம் ஏன் அண்ணி எங்ககிட்ட மறைச்சீங்க? நல்லா ஆயிட்டேன்னு சொன்னா நாங்க சந்தோஷப்பட மாட்டோமா?"

நாத்தனார் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல்களின் அடியில் காய்த்துப்போயிருந்தது.

"குணமாகுற வரைக்கும் இங்கேயே இருங்க அண்ணின்னு நீதானேம்மா சொன்னே," என்றார். "நான் வந்த அன்னிக்கு. பெட்டியை வாங்கி உள்ள வச்சிட்டு."

அவளுக்கு ஞாபகம் இருந்தது. அன்பாகத்தான் சொன்னாள். யார் வீட்டிலும் யாரும் சொல்கிற வார்த்தை. அதற்குள் ஒரு கெடு இருந்ததை அவள் கவனிக்கவில்லை. கவனிக்கவில்லையா? சொல்லும்போதே அறையையும் மெஷினையும் ஒரு ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டுதானே சொன்னாள். ஊரார் சட்டையெல்லாம் விரித்துப் போட்டு ஸ்டிக்கர் ஒட்டுகிறவள் தன் வாயிலிருந்து விழுந்ததை விட்டுவிட்டாள். அந்த மனுஷி தேறத் தேற, தேறியதை ஒளித்து ஒளித்து வைத்திருக்கிறார். பசித்தும் தட்டைத் தள்ளியிருக்கிறார். நினைத்ததும் அவளுக்கு அழுகை வந்தது, மறைக்கவும் இல்லை.

"திரும்ப அந்த ஒத்தை ரூமுக்குப் போனா மறுபடி சுவத்தைப் பாத்துட்டு உக்காந்துடுவேனோன்னு பயம்," என்றார் நாத்தனார். "மெஷினைக் கூடத்துல பாக்கும்போதெல்லாம் எனக்கும் உறுத்தும். கட்டிலைச் சுவத்தோரம் தள்ளிட்டா அது ரூமுக்குள்ள தாராளமாப் போயிடும். நான் எப்பவோ அளந்து பாத்துட்டேன். சொல்லத்தான் முடியலை. யாரு தூக்குறதுன்னு கேப்பியே."

அவள் மூக்கைச் சிந்திக்கொண்டாள். கையிலிருந்த செருப்பைக் கீழே போட்டு மாட்டிக்கொண்டாள்.

"இனிமே கேனை நீங்களே தூக்கிடுங்க அண்ணி. உங்க தம்பி இடுப்புக்குத் தைலம் தேச்சு என் கையே போச்சு."

நாத்தனார் சிரிக்கவில்லை. பூதக்கண்ணாடிக்கு மேல் ஒரு பூதக்கண்ணாடியாக, அவள் முகத்தைக் கூர்ந்து பார்த்தார்.

"இனிமேன்னா? எது வரைக்கும்?"

இந்தத் தடவை அவள் யோசித்தாள். அறையில் கட்டிலும் மெஷினும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பதையும், மெஷின் சத்தத்தில் இவர் தூங்க முடியாமல் புரள்வதையும், அவ்வப்போது தனக்கு எரிச்சல் வரப்போவதையும் சேர்த்தே யோசித்தாள். பிறகுதான் சொன்னாள்.

"நம்ம வீட்டுல தண்ணி குடிக்கிற வரைக்கும்."

அன்று சாயங்காலம் கணவன் வந்தபோது கூடம் காலியாக இருந்தது. வழக்கமாக இடிக்கிற இடத்தில் கால் இடிக்காததால் தடுமாறினான். மெஷின் எங்கே, யார் தூக்கினார்கள் என்று கேட்டான். உள்ளே சின்ன அறையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தட்டில் இரண்டாவது தடவையாகப் போட்டுக்கொண்டு, கட்டிலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார் அக்கா.